பகடையும் வேடமும்

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியும் விருத்தாசலமும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், பகடை உருட்டுவதும் வேடம் கட்டுவதும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்த கலைகளாயினும், திரௌபதி அம்மன் திருவிழாக்களில் அவ்விரண்டும் ஒரே களத்தில் சந்தித்து வந்துள்ளன. மேலை நாடுகளில் அச்சந்திப்பு மிகப் பிந்தியே ஒரு தனி ஆட்ட வகையாக உருப்பெற்றது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தில், மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு கற்பனை மாந்தராகப் பேசி முடிவெடுக்க, அம்முடிவு பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்க, நடத்துநர் ஒருவர் கதையின் எஞ்சிய உலகத்தைச் சொல்லிச் செல்வார். பண்டைய ரோமைக் களமாகக் கொண்ட இத்தகைய ஆட்ட நூல்களும் பின்னர் வெளிவந்தன. 2001-இல் வெளியான ‘ஃபுல்மினாட்டா’, ரோமானியருக்கு வெடிமருந்து வாய்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கற்பனையின்மேல் எழுந்தது. அதன் பகடைகளில் 1, 3, 4, 6 என்ற நான்கு எண்களே உண்டு.

அவ்வெண்கள் ரோமானிய வழக்கிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆட்டின் கணுக்கால் எலும்பைப் பகடையாக்கி ரோமானியர் ஆடிய தாலுஸ், நான்கு பக்கங்களில்தான் நிலைகொண்டு விழும். அப்பக்கங்களின் மதிப்பே 1, 3, 4, 6. நான்கு எலும்புகளைச் சேர்த்து எறிகையில் நான்கும் வெவ்வேறாக விழுந்தால் அது ‘வீனஸ்’ எனப்பட்ட தலைசிறந்த வீச்சு. ஒன்று விழுவது ‘நாய்’. பேரரசர் அகஸ்டஸ் விருந்தின்போது ஆடியதைப் பற்றித் தாமே எழுதிய கடிதம் ஒன்றை சூட்டோனியஸ் எடுத்துக்காட்டுகிறார்: நாயோ ஆறோ விழுந்தவர், அவ்வாறு விழுந்த ஒவ்வோர் எலும்புக்கும் ஒரு தெனாரியஸ் நாணயத்தைப் பொதுவில் வைக்க வேண்டும், வீனஸ் விழுந்தவர் அனைத்தையும் அள்ளிக்கொள்வார்.

தமிழகத்துத் தாயக்கட்டையும் நான்கு பக்கம் கொண்டதே. நீண்ட இரு பித்தளைக் கட்டைகளின் பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறும் பக்கமும் இருக்க, இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்றும், ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம் என்றும் கொள்வர். தாயம் விழாமல் காய் களத்தில் இறங்காது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலிய அரெத்சோ நகரத்துச் செம்மட்கலங்களும் கிடைத்ததால், பகடையும் அவ்வழியே வந்திருக்கும் எனக் கருத இடமில்லை. ரோம் நகரம் தோன்றுவதற்கு ஓராயிரம் ஆண்டுக்கும் முன்பே சிந்துவெளியில் பகடை இருந்தது. சங்க காலத் தமிழரிடையே சூதாட்டம் வேரூன்றியிருந்ததற்கு மருதன் இளநாகனார் பாடிய புறநானூற்றின் 52-ஆம் பாட்டு சான்றாகிறது: நரைத்த முதியோர் காய்களை வைத்து வைத்துக் குழிந்துபோன சூதாடும் இடத்தில், ஊர் பாழானபின், காட்டுக்கோழி முட்டையிடுகிறது.

வேடமேற்பதில் ரோமானியர் பின்தங்கியவர் அல்லர். டிசம்பர் மாதத்துச் சாட்டர்னாலியா விழா நாட்களில் அடிமையும் ஆண்டையோடு சமமாகப் பழக இடமளிக்கப்பட்டது. சட்டம் தடுத்திருந்த சூதாட்டமும் அந்நாட்களில் பொறுத்துக்கொள்ளப்பட்டது. சீட்டுக் குலுக்கி ஒருவரை விளையாட்டு அரசராக்கி, அவரிட்ட ஏவலை விருந்தினர் செய்வர். இளைஞன் நீரோவுக்கு அப்பதவி விழுந்த ஓர் ஆண்டில், தன்னைத் தத்தெடுத்த தந்தையின் மகனான பிரிட்டானிக்கஸை எழுந்து பாடும்படி அவன் ஏவ, அச்சிறுவனோ தந்தையின் அரியணையிலிருந்து தான் தள்ளப்பட்டதைக் குறிப்பாக உணர்த்தும் பாடலைப் பாடி அவையோரின் இரக்கத்தைப் பெற்றான் என்று தாசிட்டஸ் எழுதுகிறார். அவன் விரைவிலேயே நஞ்சூட்டப்பட்டான். விளையாட்டு அரசன் உண்மையிலும் பேரரசனாக இருந்தால் ஏவல் விளையாட்டாக நிற்பதில்லை போலும்.

தென்னார்க்காட்டுத் திருவிழாவில் கதைசொல்லிக்கும் வேடதாரிக்கும் தனித்தனி இடம் உண்டு. பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பகலில் விரித்துரைக்க, அதே கதையை இரவில் கூத்தர் விடிய விடிய ஆடுவர். இறுதியில், தரையில் மண்ணால் வடித்த துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் நிகழும். சூது, துகிலுரிதல் ஆகிய பகுதிகளை ஆடும் இரவில் பகடையே கதையின் அச்சாகிறது. ஆனால் மேசை ஆட்டத்தின் பகடை போல் அது எதையும் தீர்மானிப்பதில்லை. சகுனி வெல்வான் என்பது பார்ப்பவர் அனைவரும் அறிந்தது. ரோமைக் களமாகக் கொண்ட ஆட்டத்தில், உருட்டு வாய்த்தால் சீசர் கொலைவாளுக்குத் தப்பவும் கூடும். கூத்தில் தருமன் நாட்டை மீட்கும் உருட்டு ஒருநாளும் விழாது. கட்டியக்காரனே அங்கு ஓரளவு கட்டற்றவன்: உள்ளூர்ச் செய்திகளையும் அன்றைய விலைவாசியையும் அவன் இடையில் நுழைக்கலாம், அரசனையே கேலி செய்யலாம், கதையின் போக்கை அவனாலும் மாற்ற இயலாது.

முடிவு தெரிந்த ஆட்டமாயினும் வேடமேற்பவருக்கு அது எளிதன்று. துகிலுரியும் கட்டத்தில் துச்சாதன வேடம் பூண்டவர், சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றித் திரௌபதி வேடதாரியை அம்மனாகவே வணங்கி, தாம் செய்யப்போவதற்குப் பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதன் பின்னரே மீண்டும் துச்சாதனனாகிச் சேலையைப் பற்றுவார்.