கேன்சஸ் சிட்டி ஷௌட்

கேன்சஸ் சிட்டி ஷௌட், பியானோ கலைஞர் கவுண்ட் பேசியின் பிக் பேண்ட் 1980 ஏப்ரலில் ஹாலிவுட்டில் பதிவு செய்த புளூஸ் இசைத்தட்டு. விருந்தினராகப் பாட வந்தவர்கள் இருவர்: பிக் ஜோ டர்னர், 'கிளீன்ஹெட்' எடி வின்சன். வின்சன் பாடியதோடு ஆல்ட்டோ சாக்ஸபோனும் வாசித்தார். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ். அவர் 1973இல் தொடங்கிய பாப்லோ நிறுவனமே இதை வெளியிட்டது. அப்போது பேசிக்கு வயது 75, டர்னருக்கு 68, வின்சனுக்கு 62.

தலைப்பில் உள்ள நகரம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இருக்கிறது. 1920களிலும் 30களிலும் அங்கே டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல்வாதியின் கை ஓங்கியிருந்தது. நாடெங்கும் மதுவிலக்கு நடப்பில் இருந்த ஆண்டுகளிலும் அந்த ஊர்க் கிளப்புகளில் மது ஓடியது. விடிய விடிய இசையும் நடந்தது. நியூ ஜெர்சியில் பிறந்த பேசி, ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுவொன்றோடு வந்து, குழு கலைந்ததும் அங்கேயே தங்கிவிட்டவர். முதலில் புளூ டெவில்ஸ் குழுவிலும், 1929 முதல் பென்னி மோட்டன் குழுவிலும் வாசித்தார். 1935இல் மோட்டன் இறந்தபின் ரீனோ கிளப்பில் தனக்கென்று ஒரு குழு அமைத்தார். அதன் வானொலி ஒலிபரப்பைத் தற்செயலாகக் கேட்ட இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் 1936இல் அந்தக் குழுவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் குழுவில் பல உருப்படிகள் தாளில் எழுதப்படாதவை. ஒருவர் ஒரு சிறு சொற்றொடரை வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ட்ரம்பெட் வரிசை அதற்கு எதிராக இன்னொன்றைப் போடும். 'ரிஃப்' எனப்படும் இந்தச் சிறு சொற்றொடர்களை அடுக்கித்தான் பாடல் எழும்பியது. புளூஸின் அமைப்பும் இதற்குத் தோதானது. ஒரு சுற்றுக்கு 12 பார் (தாள அளவு), நாலு நாலாக மூன்று பகுதி. முதல் அடியைப் பாடகர் பாடி, இரண்டாம் பகுதியில் அதையே திரும்பப் பாடி, மூன்றாவதில் பதிலோ முடிவோ சொல்வார். ஒவ்வொரு பகுதியிலும் குரல் ஏறக்குறைய பாதி இடத்தையே எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில் வாத்தியங்கள் பேசும். பிக் பேண்டுக்கு முன்னால் நின்று புளூஸ் பாடுவது இந்த இடைவெளியை நம்பிப் பாடுவதுதான்.

டர்னர் கேன்சஸ் சிட்டியிலேயே 1911இல் பிறந்தவர். மதுக்கூடத்தில் கோப்பையை நிரப்பிக்கொண்டே, பீட் ஜான்சனின் பியானோவோடு சேர்ந்து பாடியவர். ஒலிபெருக்கி இல்லாமலே கூடத்தின் கடைசி மூலை வரை போன குரல் அது. இப்படி முழக்கமாகப் பாடுபவர்களை 'ஷௌட்டர்' என்பார்கள். இசைத்தட்டின் பெயரிலும் அந்த முழக்கம்தான் இருக்கிறது. 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஹாமண்ட் நடத்திய 'ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்' நிகழ்ச்சியில் டர்னர், ஜான்சன், பேசி குழு எல்லாருமே மேடையேறினார்கள்.

பேசிக்கும் டர்னருக்கும் இடையே ஒரு தோல்வியும் உண்டு. 1951இல் ஹார்லெம் அப்பல்லோ அரங்கில், குழுவின் பழைய பாடகர் ஜிம்மி ரஷிங் இருந்த இடத்தில் டர்னர் பேசி குழுவோடு பாடினார். அதற்குள் குழு எழுதிவைத்த அமைப்புகளுக்கு நகர்ந்திருந்தது. டர்னரோ நினைத்த இடத்தில் அடியெடுத்து, நினைத்த சரணத்துக்குத் தாவுபவர். பாட்டும் வாத்தியமும் ஒட்டவில்லை. அப்பல்லோ கூட்டம் பிழை பொறுக்கும் கூட்டமும் அல்ல. ஆனால் அன்று அரங்கில் இருந்த அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் அஹ்மத் எர்டிகன், டர்னரைத் தேடிப்போய் தன் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்தார். 1954இல் டர்னரின் 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' பாடல் பிறந்தது அந்த ஒப்பந்தத்தால்தான்.

வின்சன் வேறு வழியில் வந்தவர். டெக்சஸின் ஹூஸ்டனில் 1917இல் பிறந்தார். முடியை நேராக்கும் மருந்து தலைமுடியையே கெடுத்துவிட, அதன்பின் மழித்த தலையோடு இருந்ததால் 'கிளீன்ஹெட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1942இல் ட்ரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸின் குழுவில் சேர்ந்தார்; பின்னர் நடத்திய சொந்தக் குழுவில் இளம் ஜான் கோல்ட்ரேன் வாசித்திருக்கிறார். அடியின் முடிவில் குரல் திடீரென உடைந்து கீச்சென்று மேலேறுவது அவர் முத்திரை. டர்னரின் குரல் கனத்து நேராக வரும். வின்சனின் குரல் குறும்போடு வளையும். இருவரையும் ஒரே தட்டில் வைத்த கிரான்ஸின் தேர்வை மெச்சத்தான் வேண்டும்.

பாடல்களின் தேர்விலும் அந்த நுட்பம் தெரிகிறது. 'செரி ரெட்' டர்னரும் ஜான்சனும் சேர்ந்து உருவாக்கி 1939இல் பதிவு செய்த பாடல். அதையே 1944இல் கூட்டி வில்லியம்ஸ் குழுவோடு பாடிப் பெரிய வெற்றி கண்டவர் வின்சன். ஆக, இரு விருந்தினருக்கும் உரிமையுள்ள பாடல். 'எவ்ரிடே ஐ ஹாவ் த புளூஸ்' 1955இல் ஜோ வில்லியம்ஸ் பாடி, பேசி குழுவுக்குப் புதுவாழ்வு தந்தது. 'ஸ்டார்மி மண்டே' டி-போன் வாக்கர் 1947இல் தந்தது. இவற்றோடு குழுவுக்கென்றே அமைந்த புளூஸ் உருப்படிகளும் உண்டு.

குழுவைத் தாங்குபவர் 1937 முதல் பேசியோடு இருந்த கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன். மின்சாரம் ஏற்றாத கிட்டாரில் ஒரு பாருக்கு நாலு தட்டு. தனி வாசிப்பு என்று எதையும் அவர் கேட்டதில்லை. தனியாகக் காதில் விழாவிட்டாலும், அவர் நிறுத்தினால் கட்டிடமே ஆடும். 1976இல் மாரடைப்பிலிருந்து மீண்ட பேசியும் எப்போதும்போல் இரண்டு மூன்று சுரங்களை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அந்த ஒதுக்கம்தான் பாடகருக்குக் கிடைக்கும் மரியாதை. டர்னர் அந்த ஆண்டுகளில் ஊன்றுகோல் துணையோடு நடந்தவர், உட்கார்ந்தே பாடிவந்தார். ஆனாலும் அப்பல்லோவில் நேர்ந்த விலகல் இங்கே இல்லை. சரணம் எங்கே தொடங்கினாலும் குழு அவருக்குக் கீழே வந்து நிற்கிறது.

பேசியும் டர்னரும் பாப்லோவுக்காக 1973இல் பதிவு செய்த 'த பாசஸ்' இசைத்தட்டு சிறு குழுவின் இசை. ஹாரி எடிசன், எடி 'லாக்ஜா' டேவிஸ், ஸூட் சிம்ஸ் போன்றோர் அதில் தாராளமாகத் தனி வாசிப்பு செய்கிறார்கள். வாத்தியக் கற்பனையை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுவே மேலானது. ஆனால் டர்னரின் குரலுக்கு ட்ரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் வரிசைகள் மொத்தமாக எழுந்து பதில் சொல்வதைக் கேட்க விரும்புபவர்கள் 1980இன் தட்டுக்குத்தான் வரவேண்டும்.