ஜெர்மன் பட்டறையில் தொழில்பழகுநர்

இடைக்கால ஜெர்மன் நகரங்களில் தொழில் கற்க வந்த சிறுவன் மைஸ்டர் எனப்படும் தலைமைக் கைவினைஞரின் வீட்டிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு வளர்ந்தான். கற்றுத்தருவதற்குப் பல தொழில்களில் பெற்றோர்தான் பணம் கட்டினார்கள். தண்ணீர் சுமப்பது, பட்டறையைக் கூட்டுவது, வீட்டு எடுபிடி வேலை எல்லாம் பழகும் காலத்தோடு சேர்ந்தே வந்தன. அடியும் உண்டு. கைவினைஞர் சங்கங்கள் பயிற்சி ஆண்டுகளை வரையறுத்தன; மைஸ்டர் பையனை நடத்தும் விதத்தைப் பெரும்பாலும் அவரிடமே விட்டுவிட்டன.

அந்தச் சங்கங்களின் பிடியை 19ஆம் நூற்றாண்டு தளர்த்தியது. பிரஷ்யா 1810இல் தொழில் சுதந்திரத்தை அறிவித்தது. வட ஜெர்மன் கூட்டமைப்பின் 1869ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் அதைப் பரவலாக்கியது. மேற்பார்வை குறைந்த பட்டறைகளில் பழகுநர் மலிவான கூலியாளாக மாறுவது எளிதாயிற்று. இதற்கு எதிர்வினையாக 1897இல் கைவினைஞர் மன்றங்கள் சட்டப்படி அமைக்கப்பட்டன. மைஸ்டர் தேர்வில் தேறியவரே கைத்தொழில்களில் பழகுநரைப் பயிற்றலாம் என்ற விதி 1908இல் வந்தது. ஆசானின் கைத்திறனுக்கு அது உத்தரவாதம். அவருடைய பொறுமைக்கு அல்ல.

கற்பித்தலைப் பற்றிய சிந்தனை பட்டறைக்கு வெளியே, பள்ளியில் முளைத்தது. மியூனிக் நகரக் கல்வி அதிகாரி கியோர்க் கெர்ஷென்ஷ்டைனர் 1900 முதல் அந்நகரத் தொடர்கல்விப் பள்ளிகளைத் தொழில்வாரியாகப் பிரித்து, அவற்றுக்குள்ளேயே பயிற்சிப் பட்டறைகளை அமைத்தார். வாரத்தில் சில மணி நேரம் பள்ளி, மற்ற நாட்களில் வேலையிடம் என்ற இரட்டை முறைக்கு அந்தப் பள்ளிகள் அடித்தளமிட்டன.

பட்டறைக்குள் மாற்றம் மெதுவாகத்தான் நுழைந்தது. பழகுநரைத் தந்தையைப் போலக் கண்டித்துத் திருத்த முதலாளிக்கு இருந்த சட்ட உரிமை மேற்கு ஜெர்மனியில் 1951இல்தான் நீக்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி அந்த உரிமை நிலைத்தது வியப்புக்குரியது. 1968 செப்டம்பரில் ஹாம்பர்கில், பயிற்சி முடித்தோரைப் பாராட்டும் விழாவின்போது பழகுநர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பயிற்சி என்ற பெயரில் தங்களிடம் வேலைதான் வாங்கப்படுகிறது என்பது அவர்கள் முறையீடு. அந்த இயக்கம் பிற நகரங்களுக்கும் பரவியது.

1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் இந்த முறையீடுகளில் பலவற்றுக்கு விடையளித்தது. பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலையை மட்டுமே, அதையும் உடல் வலுவுக்கு ஏற்றபடி, பழகுநருக்குத் தரவேண்டும். கருவிகளை நிறுவனமே இலவசமாகத் தரவேண்டும். பள்ளி நேரத்துக்கு விடுவிக்க வேண்டும். உதவித்தொகை வழங்க வேண்டும். காப்பி வாங்கிவர அனுப்புவது சட்டமீறலாகக்கூடும் என்ற நிலை அப்போதுதான் உருவானது.

கற்பிப்பவரும் கற்பித்தலைக் கற்றிருக்க வேண்டும் என்று 1972இன் பயிற்றுநர் தகுதி ஆணை சொன்னது. பயிற்சி இடங்கள் குறைந்ததால், கூடுதல் நிறுவனங்களை ஈர்க்க 2003இல் அது நிறுத்திவைக்கப்பட்டது; 2009இல் திரும்ப நடைமுறைக்கு வந்தது. அதன்படி எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. பயிற்றுநராக விரும்புபவர் ஒரு பயிற்சிச் சூழலை விளக்கிக் காட்டலாம், அல்லது நேரில் நடத்திக் காட்டலாம். பிறகு அதை ஏன் அப்படித் தேர்ந்தார் என்று தேர்வாளர்களிடம் விளக்கவேண்டும்.