களவுபோனால் யார் தருவது?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் லேக்வியூ என்றொரு பகுதி. அங்கே மனைக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் தண்டி, அந்தப் பணத்தில் கூடுதல் ரோந்து நடத்துகிறார்கள். இதற்கென மாநிலச் சட்டம் இருக்கிறது. குடியிருப்போர் வாக்களித்துச் சம்மதித்தும் இருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சென்னையில் வீட்டை அளவாக வைத்து இரவுக் காவலுக்குப் பணம் கேட்டது எப்போது?

ஊர்க்காவலுக்கு ஊரார் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்ற வரியே உண்டு. ஆனால் நான் தேடியது வீட்டின் மீது விழுந்த வரி.

முதல் தடயம் சென்னையின் பெத்துநாயக்கன்பேட்டை என்ற பெயர். பெத்துநாயக்கன் என்பது பதவி. கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்தின் காவல் தலைமை, தலைமுறை உரிமையாக வந்தது. ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட சென்னை வரலாற்றின் மூன்று தொகுதிகளையும், அச்சான புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். 17ஆம் நூற்றாண்டில் பெத்துநாயக்கனுக்குக் கிடைத்த ஊதியம் வரியில்லா நெல்வயலும், நெல், மீன், எண்ணெய், பாக்கு போன்ற சரக்குகள் மீதான சிறு தீர்வையும்தான். அதில் வீட்டுக்கணக்கு ஏதுமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. களவுபோனால் அவன்தான் ஈடு கட்டவேண்டும். அந்த வாக்கியத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அடுத்து 1686. வீட்டுக்கு வரி! கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். படித்துப் பார்த்தால் அது நகரைச் சுற்றி மதில் எழுப்பக் கேட்ட பணம். மக்கள் எதிர்த்தார்கள்; கடைகள் அடைபட்டன. தம்மவர் கூடி விதிக்கும் வரியை மக்கள் ஏற்பார்கள் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் எண்ணமும் 1688இல் மாநகராட்சி பிறந்ததற்கு ஒரு காரணம்.

பிறகு பல நாட்கள் காவல் தொடர்பான கோப்புகளையே புரட்டினேன். விடை அவற்றில் இல்லை. கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்த 1793ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தில் இருந்தது. தெருக்களைக் கூட்டுவது, காவல் காப்பது, செப்பனிடுவது ஆகிய மூன்றுக்கும் கல்கத்தா, சென்னை, பம்பாய் நீதிபதிகள் வரி விதிக்கலாம் என்கிறது அதன் 158ஆம் பிரிவு. வீடு, கட்டடம், மனை ஆகியவற்றின் உடைமையாளரோ குடியிருப்பவரோ கட்டவேண்டும். உச்சவரம்பு, ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்கு. குப்பைக்கும் குழிக்கும் நடுவே ‘காவல்’ ஒற்றைச் சொல்லாக ஒதுங்கியிருந்ததால்தான் அத்தனை நாள் என் கண்ணுக்குத் தப்பியது.

கிடைத்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பெத்துநாயக்கனின் நிபந்தனையைத் தேடி அந்தப் பிரிவை மீண்டும் மீண்டும் படித்தேன். எவ்வளவு வரி, யார் கட்டுவது என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. வரி கட்டியவர் வீட்டில் களவுபோனால் ஈடு தருவது யார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.