துரைசாமி என்னும் பெயர்: வம்சாவளி ஆய்வு பற்றிய ஒரு குறிப்பு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே அமைந்த குச்சவெளிப் பிரதேசத்தில், போரினாலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளினாலும் பிறப்புப் பதிவுகளையும் காணி உறுதிகளையும் இழந்த குடும்பங்கள் பல. பத்திரம் இல்லாதோர் தம் பரம்பரையை எவ்வாறு நிறுவுவது? மெய்யான வம்சம், போலி வம்சம் என்ற பாகுபாட்டை யார், எதன் பொருட்டு வகுக்கின்றனர் என்பதே இதில் அடங்கிய முதல் வினா. இதனை ஆராயக் கண்டி வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி துணைபுரியும்.

1739 முதல் கண்டியை ஆண்டோர் நாயக்க வம்சத்தினர். 1815இல் ஆங்கிலேயர் திருகோணமலையிலிருந்தும் ஒரு படைப்பிரிவைக் கண்டிக்கு அனுப்பினர். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட ஸ்ரீவிக்கிரம இராசசிங்கன் சிறைப்பட்டு, 1816இல் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கை மன்னனின் ஆண் உறவினரையும், உறவினர் எனச் சொல்லிக்கொள்வோரையும் ஒருசேரப் பகைவராக அறிவித்தது. போலி உரிமையாளர் தோன்றுமுன்னரே அவருக்குரிய வாசகம் எழுதப்பட்டுவிட்டமை நோக்கற்பாலது.

ஈராண்டில் அத்தகைய ஒருவர் தோன்றினார். முன்னர்ப் பௌத்த துறவியாயிருந்த வில்பாவே, தம்மை நாயக்க அரசகுலத்துத் துரைசாமி என அறிவித்தார். ஊவா, வெல்லச மக்கள் அவரை அரசராக ஏற்றனர். நிலைமையை அறியச் சென்ற ஆங்கில அதிகாரி வில்சன் 1817 செப்டெம்பரில் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலவும் கிளர்ச்சியாளருடன் இணைந்தார். 1818இல் மடுகல்லே என்னும் பிரதானி, துரைசாமி போலியெனக் கண்டு அவரைத் தொழுமரத்தில் மாட்டினார். தப்பியோடிய வில்பாவே பத்தாண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்த பின்னரே அகப்பட்டார்.

இவர் உண்மையில் யார் என்பதோடு ஆய்வை நிறுத்தினால் எஞ்சுவது ஒரு மோசடிக்காரரின் கதையே. அப்பெயர் எவருக்குத் தேவைப்பட்டது எனக் கேட்கும்போதே சமூகம் புலப்படுகிறது. அதிகாரம் குன்றிய பிரதானிகளுக்கும், அந்நிய ஆட்சியை வெறுத்த குடியானவர்க்கும் ஓர் அரசன் வேண்டியிருந்தான். அரசுரிமை குலவழியே வருவது என்பது நிலமானிய சமுதாயத்தின் நியதி. சிங்களக் குடியானவர் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவரின் கீழ்த் திரண்டமை, நாயக்கரை மக்கள் அந்நியராகவே கருதினர் என்னும் பிற்கால இனவாத விளக்கத்தையும் கேள்விக்குள்ளாக்குகிறது.

ஆகவே, வம்சாவளி தேடுவோர் பதிவேட்டை மட்டும் நம்புதல் போதாது. முதியோர் நினைவு, காணி எல்லைகள், கோயில் உபய முறை, பள்ளிவாசற் குறிப்புகள், பாடசாலை இடாப்புகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்குதல் வேண்டும். வில்பாவேக்குப் பொய்ப் பெயர் அரியணை அளித்தது; குச்சவெளியில் மெய்யான பெயருடையோர் பலர் ஒரு துண்டுக் காணிக்கே சான்று தேடி அலைகின்றனர்.