மேட்டில் ஊர், கூரைக்குள் வைக்கோல்

நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்தில் வீடு கட்டுமுன் நிலத்தையே கட்டவேண்டியிருந்தது. கடற்கரைக்கு அணை இல்லாத காலம். வெள்ளம் ஏறினால் வயலெல்லாம் கடல்தான். எனவே கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்தே களிமண்ணும் சாணமும் குப்பையும் கொட்டி மேடு எழுப்பி, அதன்மேல் குடியேறினார்கள். ரோமானியரான பிளினி இத்தகைய கரையோர மேட்டுவாசிகளைப் பார்த்து இரக்கப்பட்டு எழுதினார். அவர்களோ அங்கேயே தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தார்கள்.

ஹோஹெபெய்ன்டம் ஊரின் மேடு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 8.8 மீட்டர், உச்சியில் தேவாலயம். மேட்டு மண் நல்ல உரம் என்பதால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பல மேடுகளை வெட்டி விற்றுவிட்டார்கள். முன்னோர் சேர்த்த குப்பை பேரர்களுக்குக் காசானது!

பின்னாளில் வந்த பண்ணை வீட்டை 'தலை-கழுத்து-உடல்' என்பார்கள். முன்னே குடியிருப்பு, நடுவே ஒடுங்கிய இணைப்பு, பின்னே பிரம்மாண்டமான கொட்டகை. கனத்த மரத்தூண்கள் கூரையைத் தாங்க, அவற்றினிடையே தரையிலிருந்து முகடுவரை வைக்கோல் அடைந்திருக்கும்; பக்கவாட்டில் மாடுகள். ஈரம் காயாமல் அடுக்கிய வைக்கோல் தானே சூடேறித் தீப்பற்றும். குடியிருப்பு சற்று விலகியிருப்பது அந்தத் தீயிலிருந்து தப்பவும் உதவியது.

கூரை முகட்டின் முனையில் முக்கோணப் பலகை, அதில் வட்டத் துளை. ஆந்தை உள்ளே புகுந்து எலி பிடிப்பதற்கான வழி அது. பலகையின் உச்சியில் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு மர அன்னங்கள்.