முதியவரின் பிடிவாதத்தில் பிறந்த உடன்படிக்கை

1945 ஆகஸ்ட். ஜப்பான் சரணடையும் தறுவாயில் இருந்தது. சோவியத் படைகள் ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவுக்குள் நுழைந்துவிட்டன. அவர்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய, வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரு ராணுவ அதிகாரிகளுக்கு அரைமணி நேரம் கிடைத்தது. கையில் இருந்தது ஒரு நேஷனல் ஜியாகிரபிக் வரைபடம். 38ஆவது அட்சரேகையைக் காட்டினார்கள். மாஸ்கோ மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. கொரியர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தன் பங்குக்கு வந்த தெற்குப் பாதியின் மேல் அமெரிக்காவுக்குப் பெரிய பிடிப்பு ஏதுமில்லை. 1949 ஜூனுக்குள் படைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டது. சில நூறு ஆலோசகர்களே மிஞ்சினார்கள். 1950 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் பசிபிக்கில் அமெரிக்காவின் காவல் எல்லையை விவரித்தார். ஜப்பான் இருந்தது, பிலிப்பைன்ஸ் இருந்தது. கொரியா இல்லை.

ஜூன் 25 விடியற்காலையில் வட கொரிய டாங்கிகள் கோட்டைத் தாண்டின.

சொந்த ஊரிலிருந்து வாஷிங்டனுக்கு விமானத்தில் விரைந்த அதிபர் ட்ரூமனுக்கு மஞ்சூரியா, எத்தியோப்பியா, ஆஸ்திரியா எல்லாம் நினைவுக்கு வந்தன. சின்ன நாடு விழும்போது பெரிய நாடுகள் பார்த்துக்கொண்டிருந்ததன் விலை ஓர் உலகப்போர். தலையிட அவர் தயங்கவில்லை. அதிர்ஷ்டமும் கைகொடுத்தது: சீனாவின் இருக்கை தகராறில் சோவியத் பிரதிநிதி ஐ.நா. பாதுகாப்பு சபையைப் புறக்கணித்திருந்ததால், தென் கொரியாவுக்கு உதவும் தீர்மானத்துக்கு வீட்டோ போட ஆளில்லை. ஆனால் சியோல் மூன்றே நாளில் வீழ்ந்தது. இன்சோன் தரையிறக்கத்தில் மீண்டது. சீனப்படை புகுந்ததும் மறுபடி பறிபோய், மறுபடி மீண்டது. 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் லட்சக்கணக்கான கொரியர்களும் மாண்ட பிறகு, 1953-இல் புதிய அதிபர் ஐசனோவர் போரை முடித்துவிடத் துடித்தார். குறுக்கே நின்றவர் எதிரியல்ல, நண்பர்!

தென் கொரிய அதிபர் சிங்மன் ரீக்கு அப்போது வயது 78. உத்தரவாதமில்லாத போர்நிறுத்தம் என்றால், 1949-ஐப் போல அமெரிக்கா மீண்டும் மூட்டை கட்டிவிடும் என்பது அவர் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. போர்நிறுத்தப் பேச்சில், நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளை இந்தியா தலைமையிலான நடுநிலை ஆணையத்திடம் ஒப்படைக்க ஏற்பாடாகியிருந்தது. ஜூன் 18 பொழுது விடியுமுன், ரீயின் ஆணைப்படி முகாம் கதவுகள் திறந்தன. சுமார் 27,000 வட கொரியக் கைதிகள் ஊருக்குள் கரைந்துபோனார்கள்.

வாஷிங்டன் கொதித்தது. ரீயைப் பதவியிலிருந்து அகற்றும் திட்டம்கூட ஏற்கெனவே எழுதப்பட்டுத் தயாராக இருந்தது. அதைக் கையில் எடுக்காமல், வால்டர் ராபர்ட்சன் என்ற தூதரை சியோலுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் பேச்சு நடந்தது. போர்நிறுத்தத்தில் ரீ கையெழுத்திடமாட்டார், தடுக்கவும் மாட்டார் என்று முடிவானது. அதற்கு அவர் கேட்ட விலை ஒரு காகிதம்.

1953 அக்டோபர் 1-இல் வாஷிங்டனில் கையெழுத்தான அமெரிக்க–தென் கொரியப் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கைதான் அது. மொத்தமே ஆறு பிரிவுகள். ஒரு நாட்டின் மேல் பசிபிக் பகுதியில் விழும் தாக்குதல் தன் அமைதிக்கும் ஆபத்து என்று மற்ற நாடு ஒப்புக்கொண்டது. மூன்றாண்டு முன்பு காவல் எல்லைக்கு வெளியே விடப்பட்டிருந்த நாட்டுக்குக் கிடைத்த சொற்கள் இவை. இன்று அங்கே இருக்கும் சுமார் 28,500 அமெரிக்கப் படையினருக்கும் இதுவே ஆதாரம். ஆறாவது பிரிவில் காலக்கெடு கிடையாது. விலக விரும்பும் நாடு ஓராண்டுக்கு முன் அறிவித்தால் போதும். அந்த அறிவிப்பை இதுவரை இரு நாடுகளும் கொடுத்ததில்லை.