கடல் வழி வந்த குரல்கள்

சென்னைக் கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் நடப்பவர் முதலில் துறைமுகத்தைக் காண்பர். அதனை அடுத்து இராயபுரம். மேலும் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர். பாரந்தூக்கிகளும் சரக்கு வண்டிகளும் ஆலைகளும் நிறைந்த பகுதி இது. இங்கே வந்திறங்கிய பொருள்கள் எவை என்று கேட்டால், நிலக்கரி, இரும்பு, எண்ணெய் என்று எவரும் சொல்லிவிடுவர். ஆனால் கடல் வழியே நம் நாட்டுக்கு வந்த மற்றொரு சரக்கு உண்டு. அது நம் முன்னோரின் குரல். அக்குரல் எவ்வாறு கப்பலேறிச் சென்று திரும்பியது, எவ்வாறு அருகிப் போயிற்று, அதனைக் காப்பவர் யார் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் பாட்டைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஒலிப்பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தனர். அந்நாளில் மின்சார ஒலிவாங்கி இல்லை. அகன்ற வாயுடைய கூம்புக் குழல் ஒன்றின் முன்னே அமர்ந்து பாடகர் உரக்கப் பாடுவார். குழலின் மறுமுனையில் உள்ள ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அவ்வொலியைக் கோடாகக் கீறும். அம்மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனி நாட்டின் ஹானோவர் நகருக்குச் செல்லும். அங்கே அச்சாகி, இசைத்தட்டாகத் திரும்பி வரும். இசைத்தட்டு செய்யப் பயன்பட்ட அரக்கோ பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளில் விளைந்தது. நம் அரக்கும் நம் குரலும் தனித்தனியே கடல் கடந்து, அயல் நாட்டில் ஒன்றாகி, நமக்கே விலைக்கு வந்தன! 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை ஏற்பட்ட பின்னரே இந்நிலை மாறியது.

இத்தட்டுகளின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். இரவெல்லாம் பாடக்கூடிய வித்துவான் அம்மூன்று நிமிடத்துக்குள் தம் கலையைச் சுருக்கித் தரவேண்டும். அவ்வாறு தந்தவர்களுள் ஒருவர் கோயம்புத்தூர் தாயி. 1917-இல் மறைந்த இப்பாடகியின் இசைத்தட்டு பிரான்சு நாட்டு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் என்பவரைக் கவர்ந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டே அவர் ‘ராகமாலிகை’ என்னும் படைப்பை இயற்றினார். தமிழ்ப் பெண் ஒருவரின் மூன்று நிமிடக் குரல் பாரிஸ் நகர இசையரங்குக்கு வழி கண்டது. எனினும் அவரைப் பற்றித் தமிழ் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

மற்றோர் எடுத்துக்காட்டு எஸ். ஜி. கிட்டப்பா. நாடக மேடையில் ஈடு இணையற்று விளங்கிய அவர் 1933-இல், முப்பது வயது நிரம்பாமலே மறைந்தார். தமிழ்ப் பேசும் படம் 1931-இல் தான் தொடங்கியது. அவர் திரையில் தோன்றவில்லை. அவருடைய குரலுக்கு இன்று இசைத்தட்டையன்றி வேறு சான்று இல்லை. அத்தட்டுகளும் அழிந்திருப்பின், பெரியோர் சொல்லிய புகழுரை மட்டுமே நம்மிடம் எஞ்சியிருக்கும்.

ஆயிரக்கணக்கில் அச்சான தட்டுகள் அரியவையாக மாறியது எவ்வாறு? முதற்காரணம், அவற்றின் இயல்பே. அரக்குத் தட்டு கை தவறினால் ஓடுபோல் உடையும். எஃகு ஊசி ஓடுந்தோறும் அதன் வரிகளைத் தேய்க்கும்.

இரண்டாம் காரணம், போர். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிற்று. அருகிருந்த எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்நிகழ்ச்சியை நாம் இன்றும் பேசுகிறோம். அதே போர் மற்றொரு தொடர்பையும் அறுத்தது என்பதை எவரும் பேசுவதில்லை. ஓடியன், பேக்கா முதலிய ஜெர்மானிய நிறுவனங்கள் இந்திய இசையைப் பதிவு செய்து, தம் நாட்டில் அச்சிட்டு அனுப்பிவந்தன. போர் மூண்டதும் அவ்வாணிபம் நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு கிடைப்பது அரிதாகவே, அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதுத் தட்டு வார்த்தனர். புதிய பாட்டுக்கு இடங்கொடுக்கப் பழைய பாட்டு உருகிப் போயிற்று.

மூன்றாம் காரணம், நம் அசட்டை. நீண்ட நேரம் ஓடும் தட்டும், பின்னர் ஒலிநாடாவும் வந்தபோது, பழைய தட்டுகள் பரணுக்கும், பரணிலிருந்து பழம்பொருள் வாணிகரிடமும் சென்றன. சென்ட்ரல் நிலையத்தின் அருகே இருந்த மூர் மார்க்கெட் அத்தகைய பொருள்களின் புகலிடம். பழைய நூலும் பழைய இசைத்தட்டும் தேடுவோர் அங்கே மணிக்கணக்கில் குனிந்து நிற்பர். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சந்தை தீக்கு இரையாயிற்று.

இத்தனை அழிவுக்கும் எதிரே நின்றவர்கள் தனிமனிதர்களாகிய சேகரிப்பாளர்கள். சென்னையில் வாழ்ந்து பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் திரட்டிய வி. ஏ. கே. ரங்காராவ் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அவர் தட்டைச் சேர்த்ததோடு நில்லாமல், அவற்றிலுள்ள பாட்டையும் பாடியவரையும் பற்றிப் பல்லாண்டு எழுதியும் பேசியும் வந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய பெருந்தொகுப்பு, அவர் மறைவுக்குப் பின் சென்னையில் 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. ஒருவர் தம் வீட்டில் சேர்த்தது ஊரார் அனைவர்க்கும் உரியதாயிற்று.

அயல் நாட்டிலும் இத்தகைய ஆர்வம் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில், 1960-களில் பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகள் பழைய 78 சுழற்சித் தட்டுகளாக அச்சாயின. மேனாட்டில் அவ்வகைத் தட்டு வழக்கொழிந்திருந்தமையால், இந்தியத் தட்டை உலகெங்கும் தேடுகின்றனர். இன்னொரு நிகழ்ச்சி நம் இளைஞர்க்கு நெருக்கமானது. 1980-இல் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், ‘ஹார்ட்கோர் பங்க்’ என்னும் வேகமும் சீற்றமும் நிறைந்த இசையை வாசித்த டீன் ஐடில்ஸ் குழுவினரும் நண்பர்களும் ‘டிஸ்கார்ட்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். கச்சேரிகளில் சேர்ந்த சிறு தொகையைக் கொண்டு ஆயிரம் தட்டுகள் அச்சிட்டனர். உறைகளைத் தாமே கத்தரித்து, மடித்து, ஒட்டினர். பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத அந்த இசையின் முதல் தட்டுகள் இன்று பெருவிலை பெறுகின்றன. அன்று அவற்றைப் பேணியவர்கள் விலையை எண்ணிப் பேணவில்லை. அது தம் தெருவின் குரல் என்பதற்காகவே பேணினர்.

வடசென்னைக்கும் தனிக்குரல் ஒன்று உண்டு. இழவு வீட்டிலும் திருவிழாவிலும், துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் வாழும் தெருக்களில் ஒலித்த கானாப் பாட்டு அது. அரக்குத் தட்டுக் காலத்தில் அதனைப் பதிவு செய்வார் அரியர். பின்னாளில் மலிவான ஒலிநாடாக்களில் அது இடம்பெற்றது. அந்நாடாக்கள் இன்று பூஞ்சை படிந்தும், சிக்கியும், குப்பையில் வீசப்பட்டும் அழிகின்றன. கோயம்புத்தூர் தாயியின் தட்டுக்கு நேர்ந்த கதி, நம் கண்ணெதிரே மறுபடியும் நேர்கின்றது.

ஆதலின் மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டோ நாடாவோ இருப்பின் எறிந்துவிடாதீர்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நூல்களைப்போல் நிறுத்தி வையுங்கள். வெயிலும் கடற்காற்றின் ஈரமும் படாமல் காத்திடுங்கள். அரக்குத் தட்டைச் சாராயச் சத்துள்ள நீர்மத்தால் துடைக்காதீர்கள். அது அரக்கைக் கரைத்துவிடும். தட்டின் நடுவே ஒட்டிய தாளில் உள்ள பெயரையும் எண்ணையும், அத்தாளின் அருகே தட்டிலேயே பொறித்துள்ள எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். இது யாருடையது, எங்கே வாங்கியது, எந்த நாளில் கேட்டது என்று வீட்டுப் பெரியோரிடம் கேட்டுக் குறியுங்கள். அக்குறிப்பு இல்லையேல் தட்டு வெறும் பொருள். குறிப்போடு சேர்ந்தால் அது வரலாறு.

இறுதியாக ஒன்று. அரும்பொருளைச் சேர்த்துப் பூட்டி வைப்பவன் அதன் காவலன் ஆகான். ஒருவரும் கேளாத தட்டு உடைந்த தட்டுக்கு ஒப்பானதே. காத்த குரலை நாலுபேர் கேட்கச் செய்வதும், தக்க நூலகத்தில் அதன் படியொன்றைச் சேர்ப்பதும் சேகரிப்பவனுடைய கடமை. கடல் கடந்து மீண்ட குரல்கள், நம் பரணைக் கடந்து வெளிவர முடியாமல் மடிய விடலாகாது.